ரேணுவுக்கு ஒரு தட்டு

ஜூலை 7, ஞாயிறு

ஆபீசர் ஆனால் மரியாதை கூடும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

இந்தூருக்கு வந்து முதல் ஞாயிறு. அறையைக் கூட்டினேன், துணி துவைத்தேன். மழை ஓயாததால் துணியெல்லாம் மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் தொங்குகிறது. மணி பத்துதான் ஆகியிருந்தது. மறுபடியும் அறையைக் கூட்டினேன்.

கோபிச்செட்டிபாளையம் கிளையில் இருபத்திரண்டு வருஷம் கிளார்க். நாற்பத்தொன்பது வயதில் பரீட்சை எழுதி, பதவி உயர்வு வாங்கி, மத்தியப் பிரதேசத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வங்கியில் ஒரு வழி உண்டு. ஆறு மாதத்துக்குள் 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தால் பழைய கிளார்க் வேலைக்கே ஊர் திரும்பலாம். அதற்கப்புறம் பதவி உயர்வைப் பற்றிப் பேச முடியாது.

அவர் அந்த வழியைப் பிடித்துக்கொண்டுதான் என்னை அனுப்பினார். ரயிலடியில் மூன்று தடவை சொன்னார். "ஆறு மாசம் பாரு கலா. தனியா இருக்க முடியலீன்னா எழுதிக் குடுத்துட்டு வந்துரு. அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல." அவருக்கு மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. ஊர்க் கிணறு அத்தனையும் அவரை நம்பி ஓடுகிறது. கூட வர முடியாது. மகள் தாரணி கோயமுத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள்.

டிசம்பர் முடியும்வரை தவணை. போகத்தான் போகிறேன். அதற்குள் ஊரையாவது சுற்றிப் பார்த்துவிடலாம் என்றிருக்கிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

ராஜவாடா பார்த்தேன். ஏழு நிலை அரண்மனை. கீழே கல், மேலே மரம். வாசலில் எல்லோரும் குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று குடும்பங்கள் என்னிடம் கைப்பேசியைக் கொடுத்து எடுக்கச் சொன்னார்கள். நன்றாகவே எடுத்துக் கொடுத்தேன்.

பக்கத்துச் சந்தில் பானிபூரி வண்டி. தின்றுவிட்டுக் காசைக் கொடுத்து நடந்தால், பின்னாலிருந்து "மேடம், மேடம்" என்கிறான் வண்டிக்காரன். சில்லறைத் தகராறு என்று நினைத்து வேகமாக நடந்தேன். அவன் இன்னும் சத்தமாகக் கூப்பிட, நான் ஏறக்குறைய ஓடினேன். என் வயதுப் பெண் ஒருத்தி ஓடி வந்து கையைப் பிடித்து நிறுத்தினாள். இங்கே கடைசியில் தண்ணீர் ஊற்றாத ஒரு பூரியை மசாலா வைத்து இனாமாகக் கொடுப்பார்களாம். அதை வாங்காமல் போவது வண்டிக்காரனுக்கு அவமரியாதையாம். திரும்பிப் போய் அசடு வழிய வாங்கித் தின்றேன். அந்தப் பெண் சிரித்துத் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டாள். பெயரைக் கேட்டிருக்கலாம்.

சாயங்காலம் அவரிடம் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் குரல் மாறியது.

"யார் கூட போயிருந்த?"

"ஆபீஸ்ல ரேணுன்னு ஒருத்தங்க. அவங்கதான் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க."

"அப்பாடா. நான் தனியாப் போயிருக்கியோன்னு பயந்துட்டேன்."

ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவரும் நிம்மதியாகத் தூங்கட்டும்.

ஜூலை 15, திங்கள்

ரேணு என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று காலையில் பல் துலக்கும்போது தெரிந்தது. எதிர்ச் சாரியில் தையல் கடைப் பலகை.

ஜூலை 21, ஞாயிறு

இந்த ஊரில் காலைப் பலகாரம் என்றால் போஹாவும் ஜிலேபியும். நம் அவல் உப்புமாதான். ஆனால் சோம்பு போட்டு, கொதிக்கிற தண்ணீர்ப் பானைமேல் வைத்து ஆவியிலேயே சூடாக வைத்திருக்கிறார்கள். மேலே ஓமப்பொடி, ஜீராவன் என்று ஒரு காரப்பொடி, கொத்துமல்லி, மாதுளை முத்து. ஒரு வாய் அவல், ஒரு கடி ஜிலேபி. முதலில் முகம் சுளித்தேன். மூன்றாவது வாயில் சுளிப்பு போய்விட்டது. கடைக்காரர் பெயர் கைலாஷ். என் மத்யமா பரீட்சை ஹிந்தியைப் பொறுமையாகக் கேட்கிறார்.

படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டேன். தாரணி உடனே பதில் போட்டாள். "ரேணு ஆன்ட்டி சாப்பிடலையா? ஒரு தட்டுதான் இருக்கு."

அந்தப் பெண்ணுக்கு என் புத்தி. ரேணு விரதம் என்று எழுதினேன்.

ஜூலை 28, ஞாயிறு

இரண்டு தட்டு வாங்கினேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தேன். அப்புறம் ரேணுவின் தட்டைக் காகிதத்தில் கட்டித் தரச் சொல்லி அறைக்கு எடுத்து வந்து, ராத்திரிக்கு அதையே சாப்பிட்டேன். ஆறிப்போன போஹா அவ்வளவு மோசமில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஷிகஞ்சி கேட்டேன். வடக்கே அது எலுமிச்சை ஜூஸ் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இந்தூரில் வந்தது சுண்டக் காய்ச்சிய பால், முந்திரி, திராட்சை, குங்குமப்பூ. தாகத்துக்குப் போனவளுக்குப் பாயசம் கிடைத்தது. யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. பக்கத்து மேசைப் பெண்ணைப் பார்த்துப் புன்னகைத்தேன். அவள் தன் கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மழைக்காலத்தில் புட்டே கா கீஸ் சாப்பிட வேண்டுமாம். பச்சைச் சோளத்தைத் துருவிப் பாலில் வேகவைத்துத் தாளிப்பது. சூடாக, லேசான இனிப்போடு, தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகிறது. ஊருக்குப் போனால் செய்து காட்ட வேண்டும்.

அவரிடம் சொன்னேன்: ரேணுவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அதனால் ஷிகஞ்சியை ஒரு வாய்தான் குடித்தாள். மகனுக்குப் போன வருஷம் கல்யாணம் ஆகிவிட்டது. மருமகள் வாய்த் துடுக்கு, ஆனால் நல்ல பெண். இதெல்லாம் எனக்கே பேசும்போதுதான் தெரிந்தது.

"நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் சேர்ந்திருக்கீங்க," என்றார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கடன் பிரிவு முழுக்க இனி என் பொறுப்பு. மேசைமேல் 'கலாமணி' என்று என் பெயர்ப் பலகை வைத்தார்கள். மேனேஜர் திவாரி கைகுலுக்கினார். எல்லோரும் சமோசா தின்றார்கள். ஆறு மணிக்கு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

காஞ்ச் மந்திர். ஜைனக் கோயில். தரை, சுவர், தூண், கூரை எல்லாமே கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் கலாமணி. கூட்டம் கூட்டமாகக் கலாமணி. எல்லோரும் ஒரே மாதிரி கைப்பையை இடுக்கிக்கொண்டு, துணைக்கு ஆளில்லாத முழியோடு நிற்கிறார்கள். சீக்கிரம் வெளியே வந்துவிட்டேன்.

உள்ளே படமெடுக்க விடவில்லை. அது ஒரு நிம்மதி.

சராஃபா பஜாருக்கு ஏன் இன்னும் போகவில்லை என்று தாரணி கேட்டாள். பகலில் நகைக்கடைத் தெரு, கடைகள் அடைத்த பிறகு அதே வாசல்களில் சாப்பாட்டுக் கடைகள் போடுகிற இடம் அது. இருட்டின பிறகு வெளியே வருவது ரேணுவுக்குப் பிடிக்காது என்றேன். ரேணு எதற்கெல்லாம் உதவுகிறாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

தால் பாஃப்லா. கோதுமை உருண்டையை வேகவைத்து, சுட்டு, நெய்யில் முக்கிப் பருப்போடு தருகிறார்கள். இதைக் கட்டித் தர மாட்டார்களாம். உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். படத்துக்காக இரண்டு சாப்பாடு வாங்கியாகிவிட்டது. எதிரே ஆளில்லாத தட்டை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்வது? பரிமாறுகிறவர் வந்து, கூட வருகிறவர் வரும்வரை மூடி வைக்கட்டுமா என்று கேட்டார். வருவாள் என்றேன். பிறகு இரண்டையும் நானே சாப்பிட்டேன். நெஞ்சு கரித்துக்கொண்டு கிடக்கிறது.

அக்டோபர் 3, வியாழன்

இன்று நாள் முழுக்க வட்டி விகிதம் தவிர வேறெதுவும் யாரிடமும் பேசவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

காய்ச்சல். தீபாவளிக்கு ஊருக்குப் போக நாளை மறுநாள் டிக்கெட். எழுந்து நிற்க முடியவில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

டிக்கெட்டை ரத்து செய்தேன். ரேணு பக்கத்திலேயே இருக்கிறாள், கிச்சடி செய்து கொடுக்கிறாள், ஆஸ்பத்திரிக்கு அவள்தான் கூட்டிப் போனாள் என்று சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பி வந்துவிடுவார்.

நடுவில் ஒரு தடவை குளியலறையில் தலை சுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதற்குப் பிறகு எந்தக் கதவுக்கும் தாழ் போடவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ரொட்டியும் பாலும். தெருவெல்லாம் விளக்கு.

அவர் கூப்பிட்டார். "அவங்க நம்பரக் குடு கலா. எனக்கு இந்தி வராது, இருந்தாலும் ஒரு வார்த்த சொல்லோணும். பண்டிகைய உட்டுட்டு உன்னப் பாத்துக்கறாங்க. கூடப் பொறந்தவளாட்ட."

பூஜைக்குப் போயிருக்கிறாள், இப்போது போனை எடுக்க மாட்டாள் என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன். காய்ச்சலுக்கு அழுகை வருவது சகஜம்.

நவம்பர் 17, ஞாயிறு

ஊரிலிருந்து பார்சல். எனக்கு முறுக்கும் பருப்புப் பொடியும். தனியே ஒரு மூட்டையில் பவானி ஜமுக்காளம் ஒன்று, ஒரு டப்பா நெய். மேலே சீட்டு ஒட்டி அவர் கையெழுத்தில் 'ரேணு அம்மாவுக்கு'. ஜமுக்காளத்தை அவரே பவானிக்குப் போய்த் தேர்ந்தெடுத்தாராம். சிவப்பில் நீலக்கோடு. எனக்குக்கூட இத்தனை வருஷத்தில் அவர் தனியாகப் போய் எதுவும் வாங்கினதில்லை.

இல்லவே இல்லாத ஒருத்தியின்மேல் பொறாமைப்படுகிறவளை என்ன சொல்வது?

நெய் கெட்டுப்போகக் கூடாதே என்று சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டேன். ஜமுக்காளத்தைப் பிரிக்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

அவர் வருகிறார். இருபதாம் தேதி வந்து நான்கு நாள் இருப்பாராம். "தவணை முடியப் போகுதல்ல. நேருல பாத்துட்டு, இருக்கறதா வர்றதான்னு பேசி முடிச்சுக்கலாம். ரேணு அம்மாவையும் பாத்துப் பேசோணும். அவங்க இருக்காங்கன்னா எனக்கு உன்ன உட்டுட்டு வர்றதுல ஒண்ணும் கவலை இல்ல."

ரேணு இருந்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் வந்துவிட வேண்டும். அவர் மனசில் கணக்கு அவ்வளவுதான். போகத்தான் போகிறேன் என்று ஜூலையில் எழுதியிருக்கிறேன். அப்படியானால் அவர் வருவது எனக்கு ஏன் சந்தோஷமாக இல்லை என்று தெரியவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

கேஷ் கவுண்டர் பிரதிபாவிடம், ஒரே ஒரு நாள் ரேணுவாக இருக்க முடியுமா என்று கேட்கலாமா? மதியம் அவள் மேசைவரை போனேன். "சொல்லுங்க மேடம்," என்றாள். ஸ்டேப்ளர் வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஒரு பெண்ணிடம் சேர்ந்து சாப்பிடக் கூப்பிடவே வாய் வராதவள், வேஷம் கட்டவா கூப்பிடப் போகிறேன்.

டிசம்பர் 20, வெள்ளி

வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார். ரயிலடியில் என்னைக் கடந்து பின்னால் பார்த்தார். ரேணுவைத் தேடுகிறார்.

மருமகளுக்குப் பிரசவம், போபால் போயிருக்கிறாள் என்றேன். முகம் வாடிவிட்டது. "நாலு நாளுக்குள்ள வந்துருவாங்களா?" என்றார்.

டிசம்பர் 22, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் கைலாஷ் கடைக்கு அழைத்துப் போனேன். நல்ல குளிர். அவர் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, ஆவி பறக்கிற பானையையே பார்த்துக்கொண்டு நின்றார். தொழில் செய்கிறவருக்கு எந்தத் தொழிலைப் பார்த்தாலும் வேடிக்கைதான். கைலாஷ் என்னைப் பார்த்ததும் தலையாட்டினார். எப்போதும்போல இரண்டு தட்டு வைத்தார். நான் படமெடுப்பதற்காக ஒரு நொடி நின்றார். பிறகு எப்போதும்போல இரண்டாவது தட்டைக் காகிதத்தில் மடித்துக் கட்டி என் கையில் கொடுத்தார்.

இவர் வெறுங்கையோடு நின்றார்.

அப்போதுதான் கைலாஷுக்கு, பக்கத்தில் நிற்கிறவர் என்னோடு வந்தவர் என்று புரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, கட்டினதைப் பிரித்து இவர் முன்னால் வைத்து, சிரித்தபடி ஏதேதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்றார் இவர்.

தெரியாமல் கட்டிவிட்டாராம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு ஹிந்தி தெரியாது. சொல்ல வாயைத் திறந்தேன். கைலாஷ் இவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிரிப்பில் அவ்வளவு சந்தோஷம்.

"எப்பவும் தனியா வர்ற அம்மா இன்னைக்கு ஆளோட வந்திருக்காங்க, பழக்க தோஷத்துல கட்டிட்டேங்கறாரு."

"எப்பவும் தனியாவா?"

"ஆமாங்க."

"ரேணு அம்மா?"

"அப்படி யாரும் இல்லீங்க."

அவர் போஹாவை முழுக்கச் சாப்பிட்டார். சாப்பாட்டை வீணாக்குகிறவர் இல்லை. கைலாஷைப் பார்த்துக் கும்பிட்டார். அப்புறம் லால்பாக் அரண்மனைத் தோட்டம்வரை நடந்தோம். லண்டன் அரண்மனைக் கதவு மாதிரியே செய்த இரும்புக் கதவு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் கதவைப் பார்க்கவே இல்லை. புல்லில் உட்கார்ந்தோம்.

"அப்பறம் காய்ச்சலப்ப உன்னப் பாத்துக்கிட்டது யாரு?"

"யாரும் இல்லீங்க."

"ஆஸ்பத்திரிக்கு?"

"ஆட்டோவுல நானேதான் போனேன்."

அவர் மஃப்ளரை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டினால் தாங்கியிருப்பேன். "நான் அங்க உக்காந்துக்கிட்டு, நல்ல வேளை ஆளிருக்குதுன்னு பட்டாசு வெடிக்கறத வேடிக்க பாத்துட்டிருந்தேன் கலா," என்றார். "எங்கிட்டப் பொய் சொல்றளவுக்கு நான் என்ன பண்ணுனேன்?"

"தனியா இருக்கறேன்னு சொன்னா வந்துருன்னு சொல்லுவீங்க."

"சொல்லத்தான் சொல்லுவேன். வந்துரு."

"வரலீங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஆறு மாதமாக இந்த டைரியில்கூட எழுதாத வார்த்தை. எப்படியோ கடகடவென்று வந்துவிட்டது. "இருவத்திரெண்டு வருசம் எல்லாரையும் அந்த மேசைக்குப் போங்க, இந்த மேசைக்குப் போங்கன்னு அனுப்பிச்சேன். இங்க எல்லாரும் எங்கிட்ட வந்து முடிச்சுட்டுப் போறாங்க. ஒரு தறிக்காரம்மா கடன் கேட்டு வந்தாங்க. பத்து நாள் அலைய உடாம ரெண்டு நாள்ல போட்டுக் குடுத்தேன். அது எனக்குப் புடிச்சிருக்குதுங்க. சாயங்காலமானா பேச ஆளில்ல. ஞாயித்துக்கெழம வந்தா சாகலாம்போல இருக்குது. அதுவும் நெசந்தான். ஆனா வரலீங்க."

அவர் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"தனியாவேவா இருப்ப?"

"தனியாத்தானுங்க."

டிசம்பர் 24, செவ்வாய்

ரயிலேற்றிவிட்டேன். இந்தத் தடவை எழுதிக் கொடு என்று அவர் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் முந்தானையைச் சரி செய்தார். இருபத்தைந்து வருஷத்தில் நாலு பேர் பார்க்க அப்படிச் செய்ததில்லை. "அந்த ஜமுக்காளத்த நீயே விரிச்சுப் படுத்துக்க. குளுரு எச்சா இருக்குது," என்றார்.

வண்டி போன பிறகு அங்கேயே ஒரு டீ குடித்தேன்.

டிசம்பர் 31, செவ்வாய்

தவணை முடிந்தது. எழுதிக் கொடுக்கவில்லை. திவாரி சார் வாழ்த்துச் சொன்னார். மூன்று கடன் மனு பார்த்தேன். அரிசி தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஜனவரி 5, ஞாயிறு

கைலாஷ் கடையில் ஒரு தட்டு. வாட்ஸ்அப்பில் போட்டேன். 'நான் மட்டும்' என்று எழுதினேன். தாரணி இதயம் போட்டாள். தனக்கு ஆகஸ்டிலேயே சந்தேகம் என்றாள். அவர் கூப்பிட்டு, ஸ்வெட்டர் போட்டிருக்கிறாயா, ஆட்டோ நம்பரைக் குறித்துக்கொண்டாயா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் உண்மையையே சொன்னேன். பேசி முடித்தபோது மனசு லேசாக இருந்தது.

பிறகு கராடு தின்னப் போனேன். குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கிற ஒரு கிழங்கு. எண்ணெயில் பொரித்து, மசாலாவும் எலுமிச்சையும் போட்டு, குச்சி செருகிக் கொடுக்கிறார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே மாவு. வாயைச் சுட்டுக்கொண்டேன்.

ரேணுவுக்கு இது பிடிக்கும் என்று நினைத்தேன். கிழங்கென்றால் சர்க்கரைக்கு ஆகாது. நான் வேண்டாம் என்பேன், அவள் கேட்க மாட்டாள், ஒன்றே ஒன்று என்று என் தட்டிலிருந்து எடுப்பாள். மருமகளுக்கு என்ன குழந்தை பிறந்தது என்று நான் கேட்பேன். அதை நான் இன்னும் யோசிக்கவே இல்லை.

யோசிக்கவும் முடியாது இனி. வீட்டில் உண்மையைச் சொன்ன அன்றே அவள் போய்விட்டாள். அவளைப் பற்றி அவரிடமோ தாரணியிடமோ ஒரு வார்த்தை பேச முடியாது. பேசினால் சிரிப்பார்கள், அல்லது பயப்படுவார்கள். கராடு வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அழுதேன். காரம் என்று நினைத்து ஒருவர் தண்ணீர் கொடுத்தார்.

இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள்தான்.